வியர்வையில் வரவு செலவு

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. நெட்டப்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரிடம் போய் 'சவுனா' என்றால் என்னவென்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. பெயர்தான் தெரியாது, அனுபவம் ஏராளம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டணம் கிடையாது.

ஆனால், இதற்கே காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம நண்பர் ஒருத்தர், மாசச் சம்பளக்காரர், புதுச்சேரி ஜிம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். "மச்சி, வேர்த்தா உடம்புல இருக்கிற டாக்ஸின் பூரா வெளியே போயிடும். மூஞ்சி பளபளன்னு ஆயிடும். ஒரே வாரத்துல ஒரு கிலோ அவுட்!" என்கிறார்.

நான் பி.காம். யாராவது லாபம் என்று சொன்னால் உடனே பேலன்ஸ் ஷீட்டைக் கேட்கிற ஜாதி. பார்த்துவிடுவோம்.

முதலில் வரவு. சவுனாவின் தாய்வீடு ஃபின்லாந்து. ஜனத்தொகை சுமார் 55 லட்சம். சவுனாக்கள் சுமார் 30 லட்சம்! நம்மூரில் வீட்டுக்கு வீடு டி.வி. மாதிரி. மரத்தாலான அறை, 80 முதல் 100 டிகிரி சூடு. சூடான கற்கள்மேல் தண்ணீர் தெளித்தால் 'புஸ்'ஸென்று ஆவி. பிர்ச் மரக் கொத்தால் உடம்பில் தட்டிக்கொள்வார்கள். நம் பாட்டி நொச்சி இலை போட்டு, போர்வையால் மூடி வேது பிடிக்க வைத்தாளே, அவளுக்குத் தூரத்துச் சொந்தம். 2020-ல் யுனெஸ்கோ இதைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த நாட்டில் 2,315 நடுவயது ஆண்களை சுமார் இருபது வருஷம் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை போனவர்களைவிட, நாலு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் மாரடைப்பு மரணம் குறைவு. நல்ல சேதிதான். ஆனால், ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்தானே அடிக்கடி போய் உட்கார முடியும்? ஆகவே முழு மார்க்கையும் சவுனாவுக்கே போட முடியாது.

இனி நண்பரின் கணக்கு. வியர்வையில் 99 சதவிகிதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு உப்பு. கழிவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும். சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, மாசச் சந்தா கேட்காமல்! குறைந்த அந்த ஒரு கிலோ? அது தண்ணீர். வெளியே வந்து ரெண்டு இளநீர் குடித்தால் எடை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். முகப் பளபளப்பு, சூட்டில் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடுவதால் வருவது. பெண் பார்க்கப் போகிற வரைக்கும் தாங்குமா என்பது சந்தேகம்.

கல்யாண வயசுக்காரர்களுக்கு இன்னொரு செலவுக் கணக்கு: தொடர்ந்து அதிகச் சூடு பட்டால் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். மாப்பிள்ளை, ஜாக்கிரதை!

ஃபின்லாந்துக்காரர் 90 டிகிரியில் சிரித்துக்கொண்டிருக்க, நாம் 38-லேயே சுருண்டு விழுவது ஏன்? அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை உடனே ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். வழிந்து தரையில் சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிராது. கடலோரப் புழுக்கத்தில் நமக்கு நடப்பது அதுதான். தவிர, அவர் கால்மணி நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். வராமல் வீம்புக்கு உட்கார்ந்தால் அங்கேயும் ஆபத்து: 2010-ல் ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் நடந்த உலக சவுனா போட்டியில், 110 டிகிரியில் ஒரு போட்டியாளர் இறந்தே போனார். போட்டிக்கும் அத்தோடு மூடுவிழா.

இப்போது நெட்டப்பாக்கம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு வாருங்கள். அங்கே வெட்டுகிறவருக்குத் திறந்துகொண்டு வெளியே வரக் கதவே இல்லை. மத்திய அமெரிக்காவில், நிகராகுவா, எல் சால்வடார் கரும்பு வெட்டுகிற வாலிபர்களுக்கு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போவதை டாக்டர்கள் கண்டார்கள். கடும் வெயிலில் கடும் உழைப்பு, உடம்பில் நீர் வற்றுவது, இவை முக்கியக் காரணங்களாகச் சந்தேகிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் சிறுநீரகப் பாதிப்பை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாடுகளில் இதற்கு எடுத்த வழி ரொம்ப எளிது: தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு.

யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்து வேர்க்கிறவருக்கு ஏ.சி. ஹால், வெள்ளைத் துண்டு, எலுமிச்சை ஜூஸ், "போதும் சார், பத்து நிமிஷம் ஆயிடுச்சு" என்று சொல்ல ஓர் ஆள். கூலிக்காக வேர்க்கிறவருக்கு?

நண்பர் தாராளமாகப் போகட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. குடித்துவிட்டு மட்டும் ஒருநாளும் வேண்டாம். உங்களில் யாருக்காவது தோட்டமோ, கட்டட வேலையோ, கொரியர் ஆபீஸோ இருந்தால், நாளைக்கு வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் நாலு கீற்றுப் பந்தலும் போடுங்கள். மத்தியானம் வெயில் தாழ்கிற வரைக்கும் வேலையை நிறுத்துங்கள். செலவு கம்மி சார். வரவு, ஒரு மனுஷனின் ரெண்டு சிறுநீரகம்.