கூடத்தில் ஓடும் செங்கோட்டை பாசஞ்சர்

கடையநல்லூரில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இப்போது பாய் விரிக்க இடமில்லை. ஊஞ்சலைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அங்கே ரயில் ஓடுகிறது!

பெரியப்பா டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற புருஷர்கள் வீட்டோடு இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதை உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலர் சமையலறைக்குள் புகுந்து கடுகு டப்பாவுக்குப் பெயர் எழுதி ஒட்டுவார்கள். பெரியப்பா அந்த வழிக்குப் போகவில்லை. மகளைப் பார்க்கப் புனே போனவர், அங்கே 1998-ல் திறந்த ஜோஷி சிறு ரயில் காட்சிசாலையைப் பார்த்தார். திரும்பி வந்ததும் அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிட்டார்.

அவர் செய்ய எடுத்துக்கொண்டது செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கொல்லம் போகும் பழைய மீட்டர் கேஜ் பாசஞ்சர். 1904-ல் திறந்த பாதை. ஆரம்பத்தில் நீராவி எஞ்சின், பிற்காலத்தில் டீஸல். அந்த டீஸல் வண்டியைத்தான் 87-ல் ஒரு பங்காகச் செய்கிறார். "அதென்ன 87? நூறு என்று வைத்தால் கணக்குக்குச் சுலபமாச்சே?" என்று கேட்டேன். ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்று சீமையில் எப்போதோ வைத்த கணக்காம். அந்தக் கணக்கில், சுமார் பத்தொன்பதரை மீட்டர் நீளமுள்ள பெட்டி கிட்டத்தட்ட ஒரு சாண் ஆகிறது. கையை விரித்து அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

எஞ்சின் ஒய்.டி.எம்.-4 என்ற ஜாதி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வர ஆரம்பித்து, 1968 முதல் நம் வாராணசியிலேயே செய்யப்பட்டது. சுமார் 1,400 குதிரை சக்தி. ஒரு கோடியில் டிரைவர் அறை; மற்றதெல்லாம் நீண்ட பெட்டி. அதன் பக்கத்துக் கைப்பிடிக் கம்பிகளைப் பழைய மின்விசிறியிலிருந்து உருவிய செம்புக் கம்பியில் வளைத்திருக்கிறார். உள்ளே உள்ள மோட்டாரும் சக்கரங்களும் மட்டும் கடைச் சரக்கு. தண்டவாளம் வழியாகவே 12 வோல்ட் மின்சாரம் போகிறது. ஒரு தண்டவாளத்தில் ஏறி மறு தண்டவாளத்தில் இறங்க வேண்டும் என்பதால், இரு பக்கத்துச் சக்கரங்களையும் ஒன்றோடொன்று மின்சாரம் தொடாதபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் தொட்டாலும் பயமில்லையாம். (பெரியம்மா இதை இன்னும் நம்பவில்லை.)

வண்டி முடிந்து, தண்டவாளத்தில் ஏற்றிய அன்று பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டதாம். எல்லாம் அளவுப்படி இருந்தும் வண்டி அந்த வண்டியாக இல்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் மனசு இல்லாமல் இருந்தார். காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தார். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 வருகிறது; அது ஐரோப்பிய, அமெரிக்க ரயிலின் அகலம். நம் செங்கோட்டை வண்டி ஓடியதோ வெறும் 1,000 மில்லிமீட்டர் பாதையில். அந்தக் குறுகல் பாதையின் மேல் இரண்டே முக்கால் மீட்டர் அகலப் பெட்டி! பெரிய குடத்தைச் சின்னப் பிரிமனையில் வைத்தாற்போல் இருக்கும். அதனால்தான் அப்படி ஆடி ஆடிப் போகும். அகலத் தண்டவாளத்தில் ஏற்றியதும் அது மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

வாங்கிய தண்டவாளமும் சக்கரங்களும் வீண். 12 மில்லிமீட்டரில் புதிதாக வாங்க வேண்டும். பெரியம்மாவிடம் கேட்கத் தயங்கினார். அவரோ பேசாமல் அரிசி டப்பாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏன் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

பெரியம்மாவின் பிறந்த வீடு புனலூரில். எங்கள் கடையநல்லூர்ப் பாதை 2004-லேயே அகலமாகிவிட்டது. செங்கோட்டைக்குப் போய் இறங்கி, மலை வண்டி ஏறுவார். பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று மெதுவாக ஊர்ந்து, குகைகளைக் கடந்து, பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டி அம்மாவிடம் போய்ச் சேருவார். 2010-ல் அகலப்படுத்துவதற்காக அந்தப் பாதையை மூடினார்கள். 2018-ல்தான் மறுபடி முழுதும் திறந்தது. எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் பஸ்ஸில் மலை ஏறினால் பெரியம்மாவுக்குத் தலை சுற்றும்; போவது குறைந்தது. அம்மா 2015-ல் போய்விட்டார். கடைசியாகப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இப்போது பாதையில் பெரிய வண்டி ஓடுகிறது. ஒரு தடவை போய் வந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆட்டமே இல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் கூடத்து வண்டியைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கிறது. பெரியப்பா பெட்டிகளுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ செங்கல் சிவப்பாத்தானே இருந்தது?"

"அது அந்தக் காலம். தொண்ணூறுகளுக்கு அப்புறம் நீலம்."

"அப்போ சிவப்பும் நீலமும் கலந்து வந்ததே, அது?"

பெரியப்பா பேசவில்லை. உண்மைதான், மாறிய புதிதில் அப்படித்தான் கலந்து வந்தது. "ஜன்னல் ஷட்டரெல்லாம் ஒரே மட்டமாவாங்க இருந்தது? ஒண்ணு ஏறாது, ஒண்ணு இறங்காது" என்றார் அடுத்தபடி. அளவு பார்த்துச் செய்த டிராயிங் வாத்தியாருக்கு இது தோன்றவே இல்லை!

வேகத்திலும் தகராறு. பேரன் குமிழைத் திருகி வண்டியைப் பறக்க விடுகிறான். மலையில் மணிக்கு 30 கிலோ மீட்டர் என்று வைத்தால், இந்தச் சின்ன வண்டி வினாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்குள்தான் நகர வேண்டும். அதாவது அரைச் சாண்கூட இல்லை. "இது என்ன ஆமை வண்டி!" என்கிறான் பையன். பெரியம்மா குமிழை வாங்கிக் குறைத்து வைக்கிறார். "அது ஏறுற மலைடா, ஓடப் பிடாது."

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 50 கிலோ மீட்டர். 87-ல் ஒரு பங்காகச் செய்தாலும் அரைக் கிலோ மீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். கூடம் என்ன, தெருவே போதாது. அதனால் பகவதிபுரம் ஸ்டேஷனும் அதைத் தாண்டி ஒரு குகையும் மட்டும் செய்கிறார்கள். மலைக்குப் பின்னாலிருந்து தள்ள இரண்டாவது எஞ்சினும் வேண்டுமே! அதற்குக் கம்பி வளைத்துக்கொண்டிருக்கிறார் பெரியப்பா.

நான் புறப்பட்ட அன்று மூன்றாவது பெட்டி சிவப்பாக மாறிக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நாலாவது ஜன்னலில் ஷட்டர் பாதியில் நின்றிருந்தது.