இயக்கிப் பார்த்துப் புள்ளியிடுங்கள்

போட்டியில் தோற்றால் மனம் வருந்தத்தான் செய்யும். ஆனால், தன் ஆக்கத்தை நடுவர் முழுமையாகப் பார்க்கவேயில்லை என்று அறியும்போது ஏற்படும் வேதனை அதைவிடப் பெரிது. பேச்சுப் போட்டியில் நடுவர்கள் இறுதிவரை கேட்டே புள்ளியிடுகிறார்கள். கையடக்கத் தொலைபேசிச் செயலிகளுக்கான போட்டிகளிலும் அதே நீதி வேண்டும்.

2008ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் நடத்திய அன்ரொய்ட் செயலிப் போட்டிக்கு 1,788 ஆக்கங்கள் வந்தன. அவற்றை மதிப்பிட்டபோது அன்ரொய்ட் தொலைபேசி ஒன்றேனும் சந்தைக்கு வந்திருக்கவில்லை. கணினித் திரையில் தொலைபேசியைப் போல இயங்கும் மென்பொருளில்தான் நடுவர்கள் செயலிகளைப் பார்த்தார்கள். விரல் தொடுகையையும், நடக்க நடக்க மாறும் வரைபடத்தையும் மேசையில் இருந்தபடி உணர முடியுமா? எனினும், புதுமை, அன்ரொய்ட் வசதிகளைப் பயன்படுத்திய விதம், நேர்த்தி, இன்றியமையாமை என்ற நான்கு அளவுகோல்களும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தமை பாராட்டத்தக்கது.

2009இல் நடந்த இரண்டாவது போட்டியில் அந்தக் குறை நீங்கியது. பொதுமக்கள் தமது தொலைபேசிகளிலேயே செயலிகளை இயக்கிப் புள்ளியிட்டனர். ஆனால், மக்கள் வாக்கு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அழகிய விளையாட்டொன்று ஒரு நிமிடத்தில் மனத்தைக் கவர்ந்துவிடும். பார்வையற்றவருக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் செயலியின் அருமை எல்லோருக்கும் உடனே புரியாது. இறுதிச் சுற்றில் துறை அறிந்த நடுவர்களும் இருந்தது அதனால்தான் சரியெனப்படுகிறது.

எனவே, போட்டி நடத்துவோரிடம் சில வேண்டுகோள்கள். அளவுகோல்களை முதலிலேயே சொல்லுங்கள். எல்லாச் செயலிகளையும் ஒரே வகைத் தொலைபேசியில், ஒரே அளவு நேரம் இயக்கிப் பாருங்கள். இணையத் தொடர்பு தடைப்பட்டால் மறுவாய்ப்புக் கொடுங்கள். மேடையில் சரளமாக விளக்கியவருக்கு, செயலிக்குரிய புள்ளிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தன் மாணவியின் ஆக்கம் வந்தால் அந்த நடுவர் ஒதுங்கிக்கொள்ளட்டும். தோற்றவருக்கும் குறை எதுவென இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு வரி அவருடைய அடுத்த செயலிக்கு உதவும்.

மாணவிகளே, விண்ணப்பிக்கும் முன் விதிகளைக் கேட்டறியுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவல்ல. பெற்றோரே, எத்தனையாம் இடம் என்று கேட்கும் முன், மகள் உருவாக்கிய செயலியை ஒருமுறை வாங்கி இயக்கிப் பாருங்கள். அவளுடைய முதல் நடுவர் நீங்கள்தான்.