சனிக்கு வேண்டியது எள் விளக்கா?

கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் வேலை செய்கின்றவர்கள் குடியிருக்கும் ஊருக்கு அணுபுரம் என்று பெயர். அங்கே தோட்ட வேலை செய்யும் ஒரு தோழர், மகளுக்கு வந்த வரன் தட்டிப் போனதற்குச் சனியே காரணம் என்று ஒரு ஜோசியர் சொன்னதை நம்பி, மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பரிகாரம் செய்துவிட்டு வந்திருக்கின்றார். அணுவைப் பிளக்கின்ற ஊரிலேயே இந்தப் பிழைப்பு நடக்குமானால், மற்ற ஊர்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமா?

நிற்க. குருவையும் சனியையும் மெய்யாகவே பார்த்தவர்கள் சொல்லுவதென்ன? ஹவாய்த் தீவின் மவுனாகியா மலைமேல் வைத்த தொலைநோக்கியால் வியாழனின் துருவ ஒளியை ஆராய்ந்தவர்கள், அது ஹைட்ரஜன் அணுக்கள் மூன்று கூடி ஓர் எலக்ட்ரானை இழந்த பொருளின் ஒளி என்று 1989இல் வெளியிட்டார்கள். மின்னேறிய துகள்கள் கிரகத்தின் காந்தத்தால் துருவத்துக்கு இழுக்கப்பட்டு வாயுவில் மோதுவதால் எழும் வெளிச்சம் அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மீத்தேன் வாயு சூரிய ஒளியை விழுங்கிவிடும் அலைநீளங்களில் பார்த்தால் கிரகம் இருண்டு கிடக்க, துருவம் மட்டும் எரியும். சில ஆண்டுகளுக்குள் சனியிலும் யுரேனஸிலும் அதே பொருளைக் கண்டார்கள்.

நெப்ட்யூனிலோ பூமியிலிருந்து முப்பது ஆண்டு தேடியும் கிடைக்கவில்லை. "கிடைக்கவில்லை" என்றே அச்சிட்டார்கள். 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த பதிவில் அது அகப்பட்டது. மேல் வாயுமண்டலம் மிகவும் குளிர்ந்து போனதால் ஒளி மங்கியிருந்தது என்று 2025இல் காரணமும் சொன்னார்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று காசைத் திருப்பிக் கொடுத்த ஜோசியன் ஒருவனையாவது காட்ட முடியுமா?

இது வெள்ளைக்காரன் வித்தை என்பீர்களோ? 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, அந்த ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிந்தவர்களில் நம் ஜவ்வாது மலைக் காவலூர்க்காரர்களும் உண்டு. அதனால் வளையம் வெளிப்பட்டது. அந்த யுரேனஸுக்கு நவக்கிரகத்தில் இடமே இல்லை! எள் விளக்கு ஏற்றுவாரில்லாமலே அது சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றது.

தோழர்களே! சனியின் துருவத்தில் வெளிச்சம் இருக்கின்றது. உங்கள் வீட்டுக் கலியாணத்தின்மேல் அதற்குக் கோபம் இல்லை. வரனைத் தட்டிப் போகச் செய்தது, மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பவுன் கணக்கு. ஆகவே, தோட்டை மீட்டுப் பெண்ணைப் படிக்க வையுங்கள். நாளைக்குத் தொலைநோக்கியில் அவளே சனியைப் பார்க்கட்டும்.