கல்லெழுத்தும் கணினியெழுத்தும்

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. பயின்றோர் இன்றும் அவற்றை வாசிக்கின்றனர். 2002இல் விண்டோஸ் 98 கணினியில் நாம் தட்டெழுதிய முதுகலை ஆய்வேட்டைத் திறந்தாலோ, பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன.

காரணம் எளிது. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் போன்ற இயங்குதளங்கள் எழுத்துகளுக்குத் தந்தவை 256 இடங்களே, முற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சியதில் 247 தமிழெழுத்துகள் அடங்கா. ஆகவே எழுத்துரு செய்தோர் தத்தம் போக்கில் இடம் ஒதுக்கினர். கனடாவில் ஆதமி, மலேசியாவில் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் மயிலை என அவர்கள் உழைத்திராவிடில் அன்று கணினித்தமிழ் ஏது? அவர்களைப் பழிப்பது நன்றியன்று.

1999 சென்னை மாநாடு டாம், டாப் குறியேற்றங்களை முன்வைத்தது. இணையத்தார் பலர் திஸ்கியைக் கைக்கொண்டனர். விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழுக்கு இடமளித்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. நாம் மாற்றவில்லை. பிழை இயங்குதளத்தினுடையது மட்டுமன்று. நம் சோம்பலும் அதிற் பங்குடையது.

கல்லும் தானாகப் பேசவில்லை. அறிஞர் படியெடுத்துப் பதிப்பித்ததால் பேசிற்று. சிற்றிதழ்கள் பலவற்றின் பழைய கோப்புகள் இன்னும் எவர் வீட்டுப் பரணிலோ கிடக்கின்றன. எழுத்துருவின் பெயர் நினைவிருக்கும்போதே, குறிமாற்றிகள் கிடைக்கும்போதே அவற்றை மீட்டாக வேண்டும். நம் ஆய்வேட்டிலிருந்தே தொடங்குகிறோம்.