வரம் யார் பெயருக்கு வந்தது?

சென்ற மாதம் இப்பகுதியில், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் கற்பிப்பதைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைக் கண்ட கிறிஸ்தவ அன்பர் சிலர், தம் சமயத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றியும் எழுதலாகாதா என்று கேட்டனர். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உளர். ஆயினும், பிள்ளை வளர்ப்பில் ஒரு வீட்டார் பட்ட பாடு மறு வீட்டார்க்கும் உதவுமாதலின் எழுதத் துணிந்தோம்.

'வரம்' என்னும் சொல்லைக் கிறிஸ்தவர் தனிப்பொருளில் வழங்குவர். அது தவத்தால் பெறுவதன்று, உழைத்து ஈட்டுவதும் அன்று. தூய ஆவியானவர் தம் விருப்பப்படி அளிப்பது. போதிக்கும் ஆற்றல், துன்புற்றோரைத் தேற்றும் மனம், தாராளமாய்க் கொடுக்கும் கை, பல பாஷை பேசுதல், அதன் பொருளை விளக்குதல் என அவை பலவாம். கொரிந்து நகரத்துச் சபையாரிடம் வரங்கள் மிகுந்திருந்தன, பூசலும் மிகுந்திருந்தது. கி.பி. 55-ஆம் ஆண்டளவில் பவுல் அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், 12-ஆம் அதிகாரத்தில் வரங்களைக் கூறினார். 14-இல் அவற்றைச் சபையில் வழங்கும் ஒழுங்கைக் கூறினார். இரண்டுக்கும் நடுவே 13-இல் அன்பை வைத்தார். நாமோ அந்த நடு அதிகாரத்தைத் தனியே எடுத்துத் திருமணங்களில் வாசித்து மகிழ்கிறோம்! அது மணமக்களுக்கென எழுதியதன்று. வரம் பெற்றதால் தலை நிமிர்ந்து நின்றவர்களுக்கு எழுதியது.

தாய்மாருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். இன்றைய துருக்கி நாட்டில் அடங்கிய லீஸ்திரா என்னும் ஊரில் பவுல் கண்ட இளைஞன் தீமோத்தேயு. தாய் யூத குலத்தவள், தந்தை கிரேக்கர். பவுல் அவனுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவன் பெற்ற வரத்தை அனல் மூட்டி எழுப்பச் சொல்கிறார். அவ்வாறு சொல்லுமுன்னரே பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். வரம் பின்னர் வந்தது. அதனைத் தாங்கும் உள்ளத்தை அவ்விரு பெண்களும் முன்னரே பண்படுத்தி வைத்திருந்தனர் என்றே நாம் கொள்கிறோம். நம் தமிழகத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் அன்னா சத்தியநாதன் அம்மையார் தாய்மாருக்கென்றே 'நல்ல தாய்' என்னும் நூலை இயற்றினார்.

நிற்க. நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நம் மகளுக்கு வயது பத்து. கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் பெரியோரும் கண் கலங்க ஜெபிப்பாள். சிறு பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி வேதக் கதை சொல்வாள். இது வரமோ, வெறும் வாய்ச் சாதுரியமோ, காலந்தான் காட்டவேண்டும். காலனியில் எவரும் அவளைப் புகழாமல் போவதில்லை. அப்புகழ்ச்சி நமக்கும் இனிப்பாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த வரிசை வீட்டுச் சிறுவன் இங்கேயே பிறந்தவன். இந்தி சரளமாய்ப் பேசுவான். தமிழ் எழுத்துக் கூட்டியே படிப்பான். ஓய்வுநாள் பாடசாலையில் 23-ஆம் சங்கீதத்தை அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னபோது நம் மகள் சிரித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் சிரித்தனர். பின் இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை.

நம் இல்லாள் மகளை அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. "அப்பா அலுவலகத்துக்குப் பார்சல் வருகிறதே, அதை அப்பா பிரித்து எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

"கூடாது. யார் பெயருக்கு வந்ததோ அவர்களிடம் கொடுக்கவேண்டும்."

"உனக்கு வந்திருக்கும் பேச்சு யார் பெயருக்கு வந்தது?"

மகள் விழித்தாள். தாய் விடை சொல்லவில்லை. அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு அச்சிறுவன் வீட்டுக்குப் போனாள். அன்று முதல் சனிக்கிழமைதோறும் இருவரும் நம் திண்ணையில் அமர்ந்து அச்சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் படித்தனர். சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு செருக்கு உண்டு. அவன் பிழைவிட்ட இடத்தில் முழு வரியையும் தானே ஒப்பித்துக் காட்டுவாள். "முதற் சொல்லை மட்டும் எடுத்துக்கொடு, போதும்" என்று தாய் பலமுறை திருத்த வேண்டியிருந்தது.

ஆண்டு விழாவில் அவன் தனியே நின்று சொன்னான். நான்காம் வசனத்தில் நின்றுவிட்டான். முன்வரிசையிலிருந்த நம் மகளின் உதடு அசைந்தது. அவள் எழுந்து முழுவதையும் சொல்லிவிடுவாளோ என்று அஞ்சினோம். அவள் ஒரே ஒரு சொல்லை மெல்லக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டு முடித்தான். சபையார் அவனை மிகவும் மெச்சினர். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென எவரும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் மகள் அழுதாள். "என்னை ஒருவரும் பார்க்கவேயில்லை, அம்மா."

இவ்விடத்தில் அன்பின் பெருமையைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். இல்லாள் அவள் சடையைப் பிரித்து வாரிக்கொண்டே, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, கண்ணே. யாராவது உன்னைப் பார்க்கமாட்டார்களா என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்" என்றாள். பிறகு இருவருமாக ஜெபித்தனர். அன்று மகளின் ஜெபம் மிகச் சுருக்கமாயிருந்தது. சொற்களும் அவ்வளவு அழகாயில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் அழையாமலே அச்சிறுவன் நோட்டுப் புத்தகத்துடன் வந்து, அடுத்தது எந்தச் சங்கீதம் என்று கேட்டான். மகள் முணுமுணுத்துக்கொண்டேதான் பாயை விரித்தாள்.