ஊர் பேர் சொல்லாத கதை

"ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று பாட்டி தொடங்கினால் எந்த ஊர், ராஜா பேர் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கொடைவிழா வில்லுப்பாட்டில் அப்படி நடக்காது. ஊர், ஆறு, குலம், நாயகன் பிறந்த வீடு, அவன் வெட்டுப்பட்ட இடம் எல்லாம் சொல்லியாக வேண்டும்.

வாய்மொழிக் கதைகளை விலங்குக் கதை, மாயக் கதை, நகைச்சுவைக் கதை என்று எண் போட்டுப் பிரிக்கும் அட்டவணையை 1910-இல் நாட்டார்கதை ஆய்வாளர் ஆர்னே உருவாக்கினார், பிறகு தாம்சன் விரித்தார். கதை எந்த நாடெல்லாம் சுற்றியது என்று அறிய அது உதவும். யார், எங்கே, யாருக்குச் சொன்னார் என்பதற்கு அதில் இடமில்லை. ஏ.கே.ராமானுஜன் கன்னடக் கதைகளைச் சங்கப் பாடல்களின் அகம், புறம் என்ற பிரிவு கொண்டு பார்த்தது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் இல்லை. பாட்டி சொல்லும் அடுக்களைக் கதையிலும் இல்லை. பெயரில்லாததால்தான், மருமகளை வைத்துக்கொண்டே மாமியார் கொடுமைக்கார மருமகள் கதையைச் சொல்ல முடிகிறது.

பெயருள்ள புறக் கதைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன் என்ற பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்களை மணக்கிறான். அதற்காகச் செருப்புத் தைக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். நடந்த கதையாக நம்பப்படுவதால் அது சிலருக்கு உறுத்தியது. அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகள்தான், காட்டில் கிடைத்தவர்கள் என்று ஒரு திருத்தம் நுழைந்தது. கதைப்பாடலைப் பதிப்பித்த நா.வானமாமலை இதைக் கவனித்து எழுதினார். ஆனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. பாட்டில் வந்த மாற்றத்தைச் சடங்கு ஏற்றுக்கொள்ளவில்லை. கதையை மட்டும் எழுதி எடுத்து வந்தவருக்கு அந்தச் செருப்பு அகப்பட்டிருக்காது.

நம் கதைத் தொகுப்புகள் பலவற்றில் நான் காணும் பெருங்குறை இது: கதை இருக்கிறது, சொன்ன இடமும் கேட்ட கூட்டமும் இல்லை. கி.ராஜநாராயணனும் கழனியூரனும் பாலியல் கதைகளை 'மறைவாய் சொன்ன கதைகள்' என்றே தொகுத்தார்கள். யார் காதில் விழக்கூடாது என்பதும் ஒரு கதை வகையைத் தீர்மானிக்கும் என்று அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

கிராமத்துக்குக் கதை சேகரிக்கப் போகும் மாணவர்கள் சொன்னவரின் ஊரையும் வயதையும் எழுதிக்கொள்ளட்டும். கூட இருந்தவர்கள் யார், யார் உள்ளே வந்ததும் அந்தப் பாட்டி பேச்சை நிறுத்தினார் என்பதையும் கீழே ஒரு வரி குறித்துக்கொள்ளட்டும்.