கணக்கு முடங்கினால் கடன் தீருமா?

இணைய ஏலத்தில் பொருளை வென்ற மறுநாளே விற்றவரின் கணக்கு முடக்கப்பட்டதாகத் தகவல் வந்தால், நாம் பணம் கட்ட வேண்டுமா?

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் நம்மைப் பணிக்கிறது. கணக்கு முடங்கியதால் மட்டுமே வியாபாரம் முறிந்துவிடாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பும் கடமையும் நமக்கில்லை. வேறு உடன்பாடு இல்லாதவரை, பணம் தருவதும் பொருளை ஒப்படைப்பதும் ஒருசேர நடக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் (பிரிவு 32).

விற்றவர் தனிப்பட்ட வங்கிக் கணக்கைக் கொடுத்து, 'இதில் போடுங்கள்' என்றால் எச்சரிக்கை தேவை. ஈபே போன்ற தளங்களின் பாதுகாப்பு, தளத்தின் வழியே செலுத்திய பணத்துக்கே உண்டு. பணம் கட்டியும் பொருள் வராவிட்டால், டெலிவரிக்குக் குறித்த கடைசித் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் ஈபேயில் முறையிட வேண்டும்.

பொருள் கைக்கு வந்து, பணம் பாக்கி இருந்தால்? அது கடன். அவரைத் தளம் தண்டித்துவிட்டது என்பதற்காக அவருடைய பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது. தளத்திடம் எழுத்தில் கேட்டு, உரிய வழியில் கொடுத்துவிடுவோம். நாளை மறுமையில் கேட்கப்படுவது அவருடைய கணக்கு மட்டுமல்ல, நம்முடையதும்தான்.